சாய்கோட்டுக்கு அந்தப் பக்கம்

சுகிர்தா கீபோர்டில் கை வைத்தால் உத்திரமேரூர்க் கல்வெட்டுகூடச் சுவரை விட்டு இறங்கி, ஊர் வேறு, பேர் வேறு, வருஷம் வேறு என்று தனித்தனிக் கட்டத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். சரி, கல்வெட்டு கொஞ்சம் அதிகம்தான். அது நம் கைச்சரக்கு. ஆனால் ஒரு வெள்ளிக்கிழமை பகலில் அவள் இருபத்தெட்டுக் குடும்பங்களை மீட்டு வந்தாளே, அதில் ஒரு சொட்டுத் தண்ணீர் கலக்கவில்லை.

சாலவாக்கம் டவுன் பஸ் போகும் வழியில் ஒரு ஊர். பேர் எதற்கு, வம்பு. அந்த ஊர்க் காலனியில் பிறந்து, அதே தெருவில் நாலு வீடு தள்ளி வாழ்க்கைப்பட்டவள் சுகிர்தா. தபால் வழியில் பி.காம். ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் ஆறு வருஷம் டெஸ்பாட்ச் வேலை. லாரியில் ஏறும் ஒவ்வொரு பெட்டிக்கும் கூட்ஸ் வண்டி நீளத்துக்கு ஒரு எண் இருக்கும். நடுவில் நாலெழுத்து, கடைசியில் ஆறெழுத்து என்று எக்செல்லில் ஃபார்முலா போட்டு அதை வெட்டி எடுப்பதுதான் அவள் உத்தியோகம். கம்பெனி ஆள் குறைத்தபோது காண்ட்ராக்ட் ஆள் என்று அவளை முதலில் குறைத்தார்கள். பிறகு மாமியார் அம்முலுவோடு நூறு நாள் வேலைக்கு ஏரிக்கரைக்குப் போனாள். அதில் அவளுக்கு வெட்கம் கிடையாது. மண்வெட்டி பிடிக்கிறவளுக்கு எக்செல் தெரியக்கூடாதா என்ன?

அந்த வெள்ளிக்கிழமை காலையில் ஊர் அலுவலகச் சுவரில் ஒரு பட்டியல் ஒட்டினார்கள். திங்கட்கிழமை முதல் ஏரிக் கால்வாய் தூர்வார எந்தெந்தக் குடும்பம் வரலாம் என்ற பட்டியல். காலனியில் இருபத்தெட்டுக் குடும்பங்கள் அதில் இல்லை. அம்முலுவும் இல்லை.

காலனிப் பெண்கள் அந்த அலுவலகத்துக்குள் போவதில்லை. போகக்கூடாது என்று எங்கும் எழுதி வைக்கவில்லை. ஜன்னல் கம்பிக்கு வெளியே நின்று கேட்பார்கள், உள்ளேயிருந்து பதில் வரும். அப்படியே பழகிப்போயிற்று.

"இன்னா நைனா, எங்க பேரக் காணோமே?" அம்முலு கம்பிக்குள் மூக்கை நீட்டினாள்.

கம்ப்யூட்டர் ஆபரேட்டர் மோகன் வேலைக்கு வந்து ஒரு மாதம்தான் ஆகிறது. திரையை விட்டு முகத்தை எடுக்காமலே சொன்னான்: "ஒரே நம்பர்ல ரெண்டு ரெண்டு கார்டு கீதும்மா. ரெண்டாவதா வந்ததெல்லாம் போலி. கம்ப்யூட்டரே தூக்கிட்ச்சி. மூணு மணிக்குப் பட்டியல் மேல போவுது. அப்பால என்னாண்ட வந்து பேஜார் பண்ணாதீங்க."

"போலியா? நானா? இந்த ஏரி மண்ண எத்தினி வருசமா சுமந்துக்கினு கீறேன், என்னப் பாத்தா போலி?"

வேலை போனதுகூட சுகிர்தாவுக்கு அவ்வளவாக உறைக்கவில்லை. அந்தப் 'போலி'தான் நெஞ்சில் தைத்தது. இருபத்தெட்டுக் குடும்பத்தையும் ஊர் பார்க்க ஒரு தாள் திருடர்கள் என்கிறது. மூன்று மணிக்கு அது மேலதிகாரி வரைக்கும் போய்விடும்.

சுவரண்டை போய்ப் பட்டியலை மறுபடியும் படித்தாள். இந்த முறை பேர்களை விட்டு எண்களை. எல்லாமே மூன்று இலக்கம். 147க்கு நேரே தாண்டவராயன். ஊர்த்தெருவில் இரண்டு டிராக்டர் வைத்திருப்பவர். ஏரிக்கரையில் அவர் கால் பட்டது மதகு திறந்த அன்றைக்கு மட்டும். அம்முலுவின் அட்டையை வாங்கிப் பார்த்தாள். முழநீளத்துக்கு ஒரு எண், பிறகு ஒரு சாய்கோடு, அதற்கு அந்தப் பக்கம் குடும்ப எண்: 1147.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இதே தப்பை ஒரகடத்தில் அவளே செய்திருக்கிறாள். ஓசூர் போக வேண்டிய பெட்டிகள் புனேவுக்குப் போயின. சூப்பர்வைசர் திட்டிய திட்டில் கேன்டீன் இட்லியே கறுத்துப்போயிற்று.

"வாங்கத்த" என்று வாசல் வழியாக உள்ளே நுழைந்தாள். மோகனுக்கு எதிரே கிடந்த நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"ஏம்மா, ஏம்மா! வெளிய நின்னு பேசு."

"வலது பக்கத்துலேந்து வெட்டுற 'ரைட்' ஃபார்முலா போட்டுக் கடைசி மூணு எழுத்த எடுத்தியா மோகன்?" நேற்றுவரை 'சார்' போட்டவள்தான்.

மோகனின் கை மவுஸ் மேலேயே நின்றது.

"ஊர்த்தெருவுக்கு மொதல்ல கார்டு குடுத்தாங்க, மூணு எழுத்து நம்பரு. எங்களுக்கு அப்பால குடுத்தாங்க, ஆயிரத்துக்கு மேல. நீ கடைசி மூண எடுத்தா எங்க நம்பர்ல மொத எழுத்து காலி. எங்க அத்த நூத்தி நாப்பத்தேழுல வந்து நிக்குது. அங்க தாண்டவராயரு முன்னாடியே குந்திக்கினு கீறாரு. ஒரே நம்பருன்னு நீ ரெண்டாவதத் தூக்கிட்ட."

"எனக்கு ஃபார்முலா சொல்லித் தரியா? அந்தாண்ட போ."

"போவ மாட்டேன். ஆள் வெச்சு நாற்காலியோட தூக்கினாலும் மறுபடி இங்கதான் வருவேன். சாய்கோடு எங்க கீதுன்னு ஃபைண்ட் போட்டுக் கேளு. அதுக்கு அடுத்த எழுத்துலேந்து மிட் போட்டு மிச்சத்த எடு. மூணா நாலான்னு நீ எண்ணாத. அந்தப் பக்கம் எது கீதோ, முழுசா எடு."

ஜன்னலில் அதற்குள் வளையல் கைகள் நிறைந்துவிட்டன. கைக்கொரு அட்டை. எல்லாருக்கும் முன்னால் அதே காலனிச் செங்கேணி.

"கம்ப்யூட்டர் தூக்கிட்ச்சின்னியே, அதுக்குக் கை எங்கடா கீது? காட்டு, நாங்களும் பாக்குறோம்!"

மோகன் பல்லைக் கடித்துக்கொண்டு தட்டினான். முதல் கட்டத்தில் எண்ணோடு சாய்கோடும் ஒட்டிக்கொண்டு வந்தது. 'பார்த்தாயா' என்பதுபோல் நிமிர்ந்தான்.

"ஒண்ணு கூட்டலியே நீ. சாய்கோட்டுலேந்தே எடுத்தா அதுவும்தான் வரும். ஒண்ணு கூட்டு."

கூட்டினான். அந்த ஃபார்முலாவை அப்படியே கடைசி வரி வரைக்கும் கீழே இழுத்தான். ஆயிரத்து ஐந்து, ஆயிரத்து அறுபத்திரண்டு என்று வரிசையாக வந்தன. ஆயிரத்து நூற்று நாற்பத்தேழும் வந்தது. ஒரே எண் இரண்டு இடத்தில் இருக்கிறதா என்று மறுபடி தேடச் சொன்னாள். ஒன்றும் இல்லை.

மணி இரண்டே முக்கால். மோகன் புதுத் தாளை எடுத்துக்கொண்டு வெளியே வந்தான். பழையதைக் கிழித்துவிட்டு அதே இடத்தில் ஒட்டினான். பிறகு தொண்டையைச் செருமி, ஊருக்கே கேட்கிற மாதிரி சொன்னான்:

"எல்லாரும் கேட்டுக்கோங்க. உங்க இருபத்தெட்டுக் குடும்பத்தையும் பட்டியல்ல சேத்துட்டேன்."

சுகிர்தா போனால் போகிறது என்று செருப்பை மாட்டினாள். அம்முலு நகரவில்லை.

"சேக்கல நைனா. நாங்க அதுல முன்னாடியே இருந்தோம். நீ வெட்டின, இப்ப திருப்பி வெச்ச. யாரும் போலி இல்ல. அதச் சொல்லு, இதே சத்தத்துல."