சப்பாத்துக் கயிறு கட்ட நின்றவர்

எங்கள் ஓட்டக் குழுவில் மூத்தவர் அவர். நரைத்த மீசை, வெளிறிப்போன ஆரஞ்சுத் தொப்பி. ஓடுவதற்கு முன் வாழைப்பழத்தைப் பிட்டு, பெரிய பாதியைப் பக்கத்தில் நிற்பவருக்குக் கொடுப்பார்.

பினாங்குப் பந்தயத்தில் எங்கள் குழுவில் யாருடைய நேரம் குறைவோ, அவரைக் கோலாலம்பூர் பந்தயத்துக்கு அனுப்புவதாக இருந்தார்கள். போட்டி எனக்கும் அவருக்கும்தான்.

நெஞ்சில் குத்தும் எண் அட்டையில் சிப் இருக்கும். தொடக்கக் கோட்டில் விரித்திருக்கும் பாயைத் தாண்டும்போதுதான் அவரவர் நேரம் ஓடத் தொடங்கும். அந்தப் பாய்க்கு முன்னால் அவர் குனிந்தார்.

"சப்பாத்து கயிறு அவுந்துருச்சு தம்பி. நீ போ லா, மெதுவா ஓடு, வந்து சேந்துக்கிறேன். ரெண்டு பேரும் ஒண்ணாவே முடிப்போம்."

"சரிண்ணே" என்றேன். கர்னி டிரைவ் கடற்கரைச் சாலை வரைக்கும் திரும்பித் திரும்பிப் பார்த்தபடியே வேகத்தைக் குறைத்து ஓடினேன். வந்து சேர்ந்தார். முடிவுக் கோட்டைக் கைகோத்தே கடந்தோம்.

மாலையில் முடிவு போனில் வந்தது. எனக்குப் பின்னால் பாயைத் தாண்டியவர் என்பதால் அவர் நேரம்தான் குறைவு. கோலாலம்பூர் அவருக்கு.

"சிப்பு சொல்லுது தம்பி, நான் என்ன செய்ய?" என்றார். கயிறு அவிழ்ந்தது யார் குற்றம் என்று நானே என்னைத் தேற்றிக்கொண்டேன்.

அடுத்த ஞாயிறும் பழத்தைப் பிட்டு, பெரிய பாதியை என்னிடம் நீட்டினார். முகத்தைப் பார்க்க மனமில்லாமல் தலை குனிந்தேன். அவர் காலில், பந்தயத்தன்று போட்டிருந்த அதே நீலச் சப்பாத்து. அதில் கட்டுவதற்குக் கயிறே இல்லை, ரப்பர் பட்டைதான்.

ஏனோ, பழத்தை வாங்கிக்கொண்டேன்.