ஆளில்லாத தோணிகள்

என் தங்கை சுல்பிகா பிடிவாதக்காரி. சின்ன வயதில் கசப்பு மருந்தை அரை மணி நேரம் வாய்க்குள்ளேயே வைத்திருப்பாள். விழுங்கவும் மாட்டாள், துப்பவும் மாட்டாள். முப்பத்து நாலு வயதில், புருஷன் ஜவுபர் கடலோடு போனதையும் அப்படித்தான் வைத்திருந்தாள்.

சாய்ந்தமருதிலிருந்து போன தோணி கவிழ்ந்தது. கூடப் போன முனாஸ் மட்டும் தப்பி வந்து, ஜவுபர் தாழ்ந்ததைத் தன் கண்ணால் கண்டதாகச் சொன்னான். மய்யித்து, அவருடைய உடல், கிடைக்கவில்லை. பள்ளிவாசலில் அவருக்காகத் தொழுதார்கள். இவள் மட்டும் இத்தா இருக்க மறுத்துவிட்டாள். கணவன் மௌத்தானால் மனைவி நாலு மாதமும் பத்து நாளும் வீட்டோடு இருக்கும் துக்கம் அது.

"இத்தா இருந்தா அவர் மௌத்தெண்டு நானே செல்லுற மாதிரி ராத்தா. அவர் வருவாரு."

ஆறு வயது மகள் ஸஹ்றாவுக்கும் அதையே சொல்லி வைத்தாள். எனக்கு அதுதான் தாங்கவில்லை. "புள்ளைய எதுக்குகா ஏமாத்துறாய்?" என்று ஒருநாள் கத்திவிட்டேன். இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை.

பிறகு அவளுக்கு நித்திரையும் இல்லாமல் போனது. மருந்து தந்த ஆஸ்பத்திரியில், புதன்கிழமைகளில் படம் கீறவும் வரச்சொன்னார்கள். "படம் கீறினா மனவருத்தம் மாறுமாகா?" என்று நான் சிரித்தேன். அல்லாஹ் என்னை மன்னிக்கட்டும்.

புதன்தோறும் நான் அவளுக்குத் துணையாகப் போயிருந்த அந்த அறையை நினைத்தால் இப்போதும் கனவில் பார்த்த இடம் மாதிரித்தான் இருக்கிறது. நீலத் திரைச்சீலை வழியே வெயில் நீலமாகவே உள்ளே வரும். தண்ணீர்க் கோப்பைகளில் நிறங்கள் மெல்லக் கரையும். படம் கீற வைக்கக் கல்முனையிலிருந்து வரும் கேதீஸ்வரி மிஸ் மேசை மேசையாக நடப்பார். நல்லது கெட்டது ஒன்றும் சொல்லமாட்டார். சுல்பிகா கடலைக் கீறினாள். ஒரு புதன் பச்சைக் கடல், அடுத்த புதன் பால் வெள்ளை, பிறகு ஊதா. எல்லாக் கடலிலும் ஒரு தோணி, தோணியில் ஆளில்லை. பார்த்துக்கொண்டிருந்தால் நான் இருந்த கதிரையும் மெல்ல அசையும், கரை எந்தப் பக்கம் என்பதே எனக்கு மறந்துபோகும்.

ஆறாவது புதன் மிஸ் என்னை வெளியே கூப்பிட்டார்.

"தோணி வெறுமையா இருக்கு, பாத்தீங்களா? அவர் இல்லையெண்டு அவங்கட மனசு ஏத்துக்கொண்டு வருது."

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. "இல்ல மிஸ். உசிருள்ள உருவத்தக் கீறினா, மறுமையில அதுக்கு உசிர் குடு எண்டு கேப்பாங்கெண்டு நாங்க படிச்சிரிக்கம். அதான் அவள் ஆளக் கீறல்ல. அவள்ற மனசுல அவர் தோணிக்குள்ளதான் இரிக்காரு."

"நான் பிழையா விளங்கிட்டன் அக்கா. நல்ல வேளை சொன்னீங்க" என்றார் மிஸ். மழுப்பாமல் ஒத்துக்கொண்டது எனக்குப் பிடித்திருந்தது. உள்ளே போய், ஆளைக் கீறச் சொல்லி அவளை நெருக்கவும் இல்லை. "தோணி எங்க போகுது?" என்று மட்டும் கேட்டார்.

எட்டாவது புதன் மழை இருட்டு. சுல்பிகா கடலை முடித்தாள், தோணியை முடித்தாள், தூரிகையைக் கழுவினாள். எழும்புவாள் என்று பார்த்தேன். அவளோ கறுப்பைத் தொட்டு, தோணிக்குக் கீழே, தண்ணீருக்குள் ஒரு மனிதனைக் கீறினாள். இடுப்பில் சாரன், ஏறிய நெற்றி, இடது கன்னத்து மச்சம். கண்கள் மூடியிருந்தன.

"என்ன வேலைகா இது, நாளைக்கு மறுமையில கேப்பாங்களே" என்றேன். பயத்தில் வாய்க்கு வந்தது அதுதான்.

"கேக்கட்டும் ராத்தா. உசிர் குடுக்க எனக்கு ஏலுமெண்டா அண்டைக்கே குடுத்திரிப்பன்."

சொல்லிவிட்டு மேசையில் தலையை வைத்து அழுதாள். மூன்று மாதத்தில் அவள் அழுததை அன்றுதான் கண்டேன். அவள் முதுகில் கையை வைத்தபடி நானும் அழுதேன்.

வீட்டுக்கு வந்ததும், இத்தாவில் மிச்சமிருக்கும் நாட்களுக்கு இருக்கப்போவதாகச் சொன்னாள். பிறகு ஸஹ்றாவைக் கூப்பிட்டு மடியில் இருத்தினாள்.

"வாப்பா இனி வரமாட்டாரு மகள். மௌத்தாப் போயிட்டாரு."

பிள்ளை அழவில்லை. உம்மாவின் கன்னத்தைத் தடவிப் பார்த்தது.

"எனக்குத் தெரியும் உம்மா. உங்களுக்குச் செல்லத்தான் பயமா இரிந்திச்சி."