ஒரு குத்தும் இல்லாத எட்டுப் பக்கங்கள்

செய்தி காலை பதினொன்று இருபதுக்கு வந்தது. படக்கதை வார இதழின் அலுவலகத்தில், இரண்டாம் மாடியில், அவள் கதாநாயகன் புயல்தோளின் காலணிக்கு மை போட்டுக்கொண்டிருந்தாள். தொலைபேசியில் அண்ணி.

"நாற்காலியிலேயே சாஞ்சிட்டாரும்மா. கையில பென்சில் இருக்கு. எழுப்புறேன், எழுந்திருக்க மாட்டேங்கிறார்."

அவள் மைப்புட்டியை மூடினாள்.

அலுவலகத்தில் அண்ணனுக்குப் பெயர் பென்சில், தங்கைக்குப் பெயர் மை. இருபத்திரண்டு வருடமாக அவர் பென்சிலில் வரைவார். அதன்மேல் அவள் மைக்கோடு இழுப்பாள். அவர்களுடைய சூப்பர் ஹீரோ புயல்தோள். ரயிலைத் தூக்குவான், இடிகிற பாலத்தைத் தாங்குவான். அதையெல்லாம் யார் வேண்டுமானாலும் வரையலாம் என்பது அண்ணனின் கட்சி. "சண்ட முடிஞ்சு வந்தவன் சாவிய எங்க வச்சோம்னு வாசல்ல நின்னு தேடுவான்ல, அத வரையறதுதான் கஷ்டம்" என்பார். ஒவ்வொரு கதையிலும் ஒரு பக்கமாவது புயல்தோளை வீட்டில் இருக்கவைக்காமல் விடமாட்டார்.

"ஏன் சார், ஊரக் காப்பாத்துறவனப் போய்த் துணி காயப்போட வைக்கிறீங்களே" என்று ஆசிரியர் அலுத்துக்கொள்வார்.

"அப்ப நீங்க வந்து காயப்போட்டுத் தர்றீங்களா?"

தானே செய்து பார்க்காத வேலையை அண்ணன் வரைந்ததில்லை. ரயிலைத் தூக்குகிறவன் முட்டையை எப்படி எடுப்பான் என்று கண்டுபிடிக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் முட்டையும் கையுமாக அலைந்தார். அன்று வீட்டில் மூன்று வேளையும் முட்டைதான்.

அவர் போனபோது மேஜையில் எட்டுப் பக்கங்கள் பென்சிலில் இருந்தன. புயல்தோளின் ஒரு விடுமுறை நாள். முதல் கட்டத்திலிருந்து கடைசிக் கட்டம் வரை ஒரு குத்துக்கூட இல்லை.

ஒரு வாரம் கழித்து ஆசிரியர் கூப்பிட்டார்.

"கடைசிக் கதைம்மா. படிக்கிறவன் கைதட்ட வேணாமா? நாலாம் பக்கத்துல ஒரு திருடன உள்ள விடுவோம். ஒரே ஒரு குத்து. புது ஆர்ட்டிஸ்ட் வரைஞ்சிடுவார்."

"அது அண்ணன் கட்டின வீடு சார். திருடன விட முடியாது."

"பிடிச்ச முயலுக்கு மூணே காலுன்னு நின்னா எப்படிம்மா? வியாழன் நாலு மணிக்கு அச்சுக்குப் போகணும். அதுக்குள்ள எட்டும் முடிச்சுக் கொண்டா, பார்க்கலாம். இல்லன்னா திருடன் வருவான்."

ஐந்து பக்கங்களை இரண்டே நாளில் முடித்தாள். ஆறாம் பக்கத்தில் கை நின்றுவிட்டது. நாற்காலியில் தூங்கிவிட்ட மகளைப் புயல்தோள் தூக்கிக்கொண்டு போய்க் கட்டிலில் படுக்கவைக்கிற கட்டம். அந்தக் கையை அண்ணன் அழித்தழித்துப் பத்துக் கோடு போட்டிருந்தார். எது அவர் முடிவு செய்த கோடு என்று தெரியவில்லை. இத்தனை வருடப் பழக்கத்தில் அவள் தடித்த கோட்டைப் பிடித்துப் புஜத்தை முறுக்கிவிட்டாள். தள்ளி வைத்துப் பார்த்தால், குழந்தையைக் கடத்துகிறவன் மாதிரி இருந்தான். வெள்ளை அடித்து மறைத்துவிட்டு மறுபடி போட்டாள். மறுபடியும் கடத்தினான்.

புதன்கிழமை சாயங்காலம் பக்கத்தைச் சுருட்டி எடுத்துக்கொண்டு அண்ணியிடம் போனாள்.

"இத யாரத் தூக்கிப் பார்த்து வரைஞ்சார் அண்ணி?"

அண்ணி கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு பார்த்தார். "வேற யார? என்னத்தான். முழங்கால் ஆபரேஷன் ஆன ரெண்டு மாசமும் உங்கண்ணன்தானே தூக்கிப் படுக்கவச்சார். எழுபது கிலோ இருந்தேன். குழந்தையாக்கிட்டாரா என்னை!" சிரித்தார். சிரிப்பு பாதியில் உடைந்தது. "கையில பலத்தக் காட்டவே மாட்டார். கை பஞ்சு மாதிரி கிடக்கும். கழுத்துதான் கல்லாயிடும். கீழ வைக்கிற வரைக்கும் மூச்சு விட மாட்டார்."

அவள் அங்கேயே சாப்பாட்டு மேஜையில் பக்கத்தை விரித்தாள். கைக்கு, இருப்பதிலேயே மெல்லிய கோடு. தடித்த கோடு கழுத்துக்கு.

வியாழன் மூன்றரை மணிக்கு எட்டுப் பக்கங்களும் ஆசிரியரின் மேஜையில் இருந்தன.

"எந்தக் கட்டத்துல குத்து வேணும்னு நீங்களே விரல் வச்சுக் காட்டுங்க சார்."

ஆசிரியர் விரலை நீட்டிக்கொண்டுதான் ஆரம்பித்தார். ஆறாம் பக்கத்தில் விரல் மடங்கிக்கொண்டது.

"பொண்ணு முழிச்சிக்கலையே?" என்று மெதுவாகக் கேட்டார்.

"இல்ல சார்."

"சரி. அப்படியே அனுப்பு."

எட்டாம் பக்கத்தின் கடைசிக் கட்டத்தில் புயல்தோள், போன சண்டையில் கிழிந்த உடுப்பைத் தைத்துக்கொண்டிருக்கிறான். நாற்காலியில் சாயும்வரை அண்ணன் பென்சிலில் ஒன்பது தையல் போட்டிருந்தார். ஒன்பதுக்கும் அவள் மை போட்டாள். மிச்சம் இரண்டு விரல் நீளக் கிழிசல் தைக்காமலே அச்சாகியிருக்கிறது.