அப்பா கையெழுத்து இல்லாமல் புகார் செல்லாது

போன புதன்கிழமை, பாலக்கோடு ரோட்டில் இருக்கும் ஒரு காலேஜுக்குப் போயிருந்தேன். பேர் வேண்டாம். சொன்னால் ஒரு காலேஜ்தான் கோபித்துக்கொள்ளும். சொல்லாவிட்டால் மாவட்டத்தில் இருக்கும் அத்தனை காலேஜும், 'நம்மைத்தான் சொல்கிறாளோ' என்று முழிக்கும். இரண்டாவதுதான் நல்லது, இல்லையா?

மாணவியர் பாதுகாப்பு விழிப்புணர்வு முகாம். நான் சிறப்பு விருந்தினர். வாசலில் பெரிய ஃப்ளெக்ஸ். தாளாளர் படம் பெரிதாக, என் படம் பாஸ்போர்ட் சைஸில். நடுவில் சிவப்பு எழுத்தில் ஒரு வரி — 'மூன்று ஆண்டுகளாகப் புகாரே இல்லாத வளாகம்!'

முதல்வர் சால்வையோடு ஓடி வந்தார். "ஒரு கம்ப்ளைன்ட்கூட இல்லீங்க மேடம். ஸீரோ! வேற எங்கயாவது இப்படிப் பாத்திருக்கீங்களா?"

பார்த்ததில்லைதான். எங்கள் வீட்டில் இருப்பது நாலே பேர். காலை காபி குடித்து முடிப்பதற்குள் ஆறு புகார் வந்துவிடுகிறது. இங்கே ஆயிரத்துச் சொச்சம் பிள்ளைகள், மூன்று வருஷம், ஒன்றுகூட இல்லையாம். தேவலோகத்தில்கூட இந்திரன் மேல் ஒரு புகார் இருந்ததே ஐயா!

மாடிப்படி ஏறும்போது நோட்டீஸ் போர்டு கண்ணில் பட்டது. 'உள் புகார்க் குழு.' பெண் பிள்ளைகளுக்கு யாராவது தொந்தரவு கொடுத்தால் விசாரிக்க, சட்டப்படி இருந்தே ஆக வேண்டிய குழு. வெளியாள் ஒருவரும் அதில் இருக்க வேண்டும். யார் அந்தப் புண்ணியவதி என்று பார்த்தேன்.

நான்தான்.

மூன்று வருஷமாக நான் அந்தக் குழுவில் உறுப்பினர். எனக்குத்தான் யாரும் சொல்லவில்லை. பக்கத்தில் போட்டிருந்த போன் நம்பரும் என்னுடையது இல்லை. அந்த நம்பருக்குச் சொந்தக்காரர் யாரோ... பாவம், நிம்மதியாக இருந்திருக்கிறார்.

"இது என்ன சார்?" என்றேன்.

"ஒரு ஃபார்மாலிட்டிக்குத்தாங்க மேடம்" என்று சிரித்துக்கொண்டே மினிட்ஸ் நோட்டைக் கொண்டுவரச் சொன்னார். அதில் என் கையெழுத்து! மூன்று வருஷத்துக்கு முன் இங்கே மகளிர் தின விழாவுக்கு வந்தபோது யாரோ ஒரு நோட்டை நீட்டி, "இங்க ஒரு சைன் மேடம்" என்றார்கள். வருகைப் பதிவு என்று நினைத்து, போட்டோவுக்குச் சிரித்தபடியே போட்டுக் கொடுத்தேன். அதற்கு மேலே, 'எந்தப் புகாரும் வரவில்லை, கூட்டம் இனிதே நிறைவுற்றது' என்று எழுதி வைத்திருக்கிறார்கள். ஊருக்கெல்லாம் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள் என்று புத்தி சொல்கிறவள் நான். வெட்கமாக இருந்தது.

முகாம் தொடங்கியது. ஹால் முழுக்கப் பெண்கள். பையன்கள் எங்கே என்று கேட்டேன். கிரவுண்டுக்கு அனுப்பிவிட்டார்களாம். "அவங்களுக்கு எதுக்குங்க, இது லேடீஸ் மேட்டர்!" திருடனைக் கிரிக்கெட் ஆட அனுப்பிவிட்டு, வீட்டுக்காரனைக் கூப்பிட்டுப் பூட்டைப் பற்றிப் பாடம் எடுக்கிற சாமர்த்தியம் நம்மவர்களுக்குத்தான் வரும்.

ஒரு பேராசிரியை முக்கால் மணி நேரம் பேசினார். துப்பட்டாவுக்கு ஊக்குக் குத்துங்கள். தனியாக நடக்காதீர்கள். வாட்ஸப்பில் உங்கள் படத்தை டிபியாக வைக்காதீர்கள். சத்தமாகச் சிரிக்காதீர்கள். கேட்டுக்கொண்டே இருந்த எனக்கு, குற்றம் செய்தவர்கள் எல்லோரும் இந்த ஹாலில்தான் உட்கார்ந்திருக்கிறார்களோ என்று சந்தேகமே வந்துவிட்டது.

கேள்வி நேரம். பின் வரிசையில் ஒரு பெண் எழுந்தாள். மஞ்சு என்று வைத்துக்கொள்ளுங்கள். பாப்பாரப்பட்டிப் பக்கம், கடைசி வருஷம்.

"மேடம், புகார் குடுக்கணும்னா அப்பா கையெழுத்து கண்டிப்பா வேணுமாங்க?"

முதல்வர் மைக்கைப் பிடுங்காத குறையாக, "டீ பிரேக்!" என்றார்.

டீயை அப்படியே வைத்துவிட்டு அந்தப் பெண்ணைத் தேடிப் போனேன். ரெக்கார்டு நோட்டுக்குள் நாலாக மடித்த ஃபாரம் ஒன்றை எடுத்துக் காட்டினாள். புகார் ஃபாரம். அடியில் 'தந்தை / பாதுகாவலர் கையொப்பம் — கட்டாயம்'. லீவ் லெட்டரைப் பார்த்து அடித்த ஃபாரமாம்.

கம்ப்யூட்டர் லேப் அசிஸ்டென்ட் ஒருவன் இவளுக்குத் தெரியாமல் படம் எடுத்து, இவளுக்கே அனுப்பி, 'பேசு, இல்லேன்னா எல்லாருக்கும் போகும்' என்று மிரட்டிக்கொண்டிருக்கிறான். நாலு மாசமாக!

"அப்பாகிட்ட சொல்லியிருக்கலாமேம்மா?"

"சொன்னா படிச்சது போதும்னுடுவாங்க மேடம். எங்க பெரியப்பா பொண்ணை அப்பிடித்தான் நிறுத்துனாங்க. ரோட்டுல ஒருத்தன் பின்னாடி வந்தான்னு சொன்னா. அடுத்த மாசமே கல்யாணம். இன்னும் ஒரு செமஸ்டர்தான் மேடம் எனக்கு..."

ஸீரோ எப்படி வந்தது என்று புரிந்ததா?

"இப்போ புகார் கொடுக்கிறாயா?" என்றேன். தலையை ஆட்டி, நடந்ததையெல்லாம் ஃபாரத்தில் எழுதி, கீழே தன் கையெழுத்தைப் போட்டாள்.

முதல்வர் அறைக்குப் போய் ஃபாரத்தைக் காட்டினேன். "நான் குழு உறுப்பினர்தானே சார்? கூட்டத்தைக் கூட்டுங்கள்" என்றேன். மனுஷருக்கு வேர்த்தது. கூட்டுகிறேன் என்றார். வெளியே போய் அவர் முதலில் செய்த காரியம் என்ன தெரியுமா? மஞ்சுவின் அப்பாவுக்குப் போன் போட்டதுதான்! அந்தப் பெண் நாலு மாசம் எதற்குப் பயந்து வாயை மூடியிருந்தாளோ, அதை நாலே நிமிஷத்தில் செய்து முடித்தார். எனக்கு வந்த கோபத்தில் சால்வையைத் தூக்கி எறிந்திருப்பேன்.

பாலக்கோடு மண்டியில் தக்காளி இறக்கிக்கொண்டிருந்தவர் அப்படியே பஸ் ஏறி வந்துவிட்டார். சட்டையெல்லாம் தக்காளிக் கறை. மஞ்சு சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். இந்தப் பெண்ணின் படிப்பு என்னால்தான் போகப்போகிறது என்று எனக்கும் பயமாக இருந்தது.

முதல்வர் குரலைக் குழைத்துக்கொண்டு ஆரம்பித்தார். குடும்ப மானம். பெண்ணின் எதிர்காலம். காலேஜின் பேர். விஷயத்தைச் சொல்வதற்கு முன்பே இவ்வளவும். கடைசியில், "பொண்ணு கொஞ்ச நாள் வூட்டுலயே இருக்கட்டுமுங்க. எல்லாம் அடங்குனதும் பாத்துக்கலாம்" என்றார்.

அப்பா என் கையிலிருந்த ஃபாரத்தை வாங்கினார். விரல் வைத்து எழுத்தெழுத்தாகப் படித்தார். பிறகு மகளைப் பார்த்தார்.

"நாலு மாசமா பாப்பா?"

மஞ்சு அழ ஆரம்பித்தாள். நானும்தான் — மறைப்பானேன்?

அவர் முதல்வர் பக்கம் திரும்பினார்.

"எம் பொண்ணு எதுக்குங்க வூட்டுல இருக்கணும்? அவ காலேஜுக்கு வருவா. பரீட்சை எழுதுவா. போலீஸுக்கும் இப்பவே போறோம்." ஃபாரத்தை மேஜைமேல் வைத்தார். "தப்பு பண்ணாத புள்ளைக்கு அப்பன் கையெழுத்து கேட்டீங்க, ஓடியாந்தேன். தப்பு பண்ணுனவன் இருக்கானே... அவங்கப்பனைக் கூப்பிட்டீங்களாங்க?"

கை தட்ட வேண்டும் போல இருந்தது எனக்கு — புகார்க் குழு உறுப்பினர் தட்டலாமா, கூடாதா? விதி தெரிந்தவர்கள் எழுதுங்கள்.