இழுத்துக் கட்டிய பாய்

சிங்கப்பெருமாள் கோயில் மைதானத்தில் என் அக்காள் புருஷன் பந்தைத் தரையில் வைத்துவிட்டு நடந்ததுதான் முதலில் நினைவுக்கு வருகிறது. கோபமாக எறிந்திருந்தால் மறந்துபோயிருக்கும். குனிந்து, கேப்டனின் காலடியில் மெதுவாக வைத்தார். "சார், இனிமே வெளியூர் மேட்சுக்கு என்னைக் கூப்புடாதீங்க" என்றார்.

ஐம்பதுகளின் நடுவில் மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் எங்கள் குப்பத்துக்கு ஒரு கிரிக்கெட் அணி இருந்தது. பாதிப் பேர் கடலுக்குப் போகிறவர்கள். கேப்டன் ஆரம்பப் பள்ளி வாத்தியார். மாமா விடியற்காலையில் வலை போட்டுவிட்டு வந்து, பகலில் பந்து போடுவார். நான் ஸ்டம்புக்குப் பின்னால் நிற்பேன். அதிகம் பேசாதவனுக்குப் பொருத்தமான இடம் அது. சவுக்குத் தோப்பை ஒட்டிய எங்கள் மைதானத்தில் மாமாவை எதிர்த்து யாரும் நின்றதில்லை. பந்து விழுந்த இடத்தில் ஒரு கணம் நின்று, யோசித்து, பக்கவாட்டில் திரும்பும். இப்போது அங்கே சுற்றுச்சுவர் எழுப்பி ஓட்டல் கட்டியிருக்கிறார்கள். வெள்ளைக்காரர்கள் சாய்வு நாற்காலி போட்டுப் படுத்திருக்கிறார்கள்.

அந்த வருடம் பந்தயத்தில் எங்கள் பிரிவில் முதலில் வரும் அணிதான் இறுதி ஆட்டத்துக்குப் போகலாம். சொந்த ஊரில் எல்லாம் ஜெயித்தோம். வெளியூரில்தான் வினை. திருப்போரூரில் மாமாவின் பந்துகள் ஒவ்வொன்றும் கூட்டத்துக்குள் போய் விழுந்தன. பஸ் குலுக்கியதால் தோள் பிடித்துக்கொண்டது என்றார். பிறகு கடல்காற்று இல்லை என்றார். கடைசியில் எங்கள் ஆட்கள் ஒரு முடிவுக்கு வந்தார்கள்: ராசி நம் பாயில் இருக்கிறது. அந்தக் காலத்தில் ஆடுதளத்தின் மேல் தேங்காய் நார்ப் பாயை விரித்துத்தான் ஆடுவோம். அதைச் சுருட்டி, பஸ் கூரையில் ஏற்றி, சிங்கப்பெருமாள் கோயிலுக்குக் கொண்டுபோனோம்.

"இன்னா அண்ணாத்த, பொண்ணு வூட்டு சீரா?" என்றார் கண்டக்டர்.

"ஜெயிச்சிட்டு வரும்போது சொல்றோம்" என்றார் மாமா.

அந்த ஊர்க்காரர்கள் சிரித்துக்கொண்டே எங்கள் பாயை வாங்கி, செம்மண் தரையில் இரும்பு ஆணி அடித்து, தவில் தோல் மாதிரி விறைப்பாகக் கட்டினார்கள். அன்றும் அதே அடிதான். அதன் பிறகுதான் மாமா பந்தைக் கீழே வைத்தார்.

எனக்குக் காரணம் தெரியும். எங்கள் மைதானம் மணல்மேல் களிமண் கொட்டி மிதித்தது. பாயைப் பிடிக்க நாங்கள் அடிக்கும் மரமுளை மணலில் நிற்காது. ஆட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் பாய் தளர்ந்துவிடும். அந்தத் தளர்ச்சியில் பந்து சிக்கித் திரும்பும். பின்னாலேயே நிற்பவனுக்கு அது தெரியாமல் போகாது. ஆனால் ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய என்னை வீட்டில் வைத்துச் சோறு போட்டவர் அவர். உன் திறமையில் பாதி தொளதொளத்த பாயுடையது என்று அவரிடம் எப்படிச் சொல்வது? அன்று மாலை பஸ்ஸிலிருந்து இறங்கி நடக்கும்போது, அவர் முகத்தைப் பார்க்காமல் சொல்லிவிட்டேன்.

மறுநாள் கடலிலிருந்து வந்ததும் என்னைக் கூப்பிட்டார். பாயின் இரு முனைகளிலும் வலைக்கயிறு கட்டி, கரையேற்றிய இரண்டு படகுகளோடு பிணைத்திருந்தார். கரைவலை இழுப்பதுபோல் நான்கு பேர் ஒரு படகைப் பின்னுக்கு இழுக்க, பாய் விறைத்தது. "நில்லு மச்சான்" என்றார். முதல் இரண்டு நாள் பந்தெல்லாம் திரும்பாமல் எழும்பி என் நெஞ்சுக்கு வந்தது. மூன்றாம் நாள், இன்னும் முன்னால், ஆடுபவனின் காலடியிலேயே விழும்படி போடத் தொடங்கினார்.

எங்கள் பிரிவில் கடைசி ஆட்டம் செங்கல்பட்டில். நாங்கள் ஜெயித்து, அதே நாளில் திருப்போரூர் தோற்றால் இறுதி ஆட்டம் எங்களுக்கு. விறைத்த பாயில் மாமா ஆறு பேரை வெளியேற்றினார். ஜெயித்தோம். வாத்தியார் எல்லார் முன்னாலும் அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். பஸ் நிலையத்தில் திருப்போரூர் பஸ்ஸிலிருந்து இறங்கிய ஒருவர் சொன்னார், அங்கே திருப்போரூர்க்காரர்களும் ஜெயித்துவிட்டார்கள் என்று. சிங்கப்பெருமாள் கோயிலில் ஜெயித்திருந்தால் போதும். இறுதி ஆட்டம் எங்களுடையதாக இருந்திருக்கும்.

பஸ் திருக்கழுக்குன்றம் தாண்டியதும் மாமா என் பக்கம் திரும்பினார்.

"பாய் விஷயம் உனக்கு எப்போ தெரியும்?"

"திருப்போரூர்லயே."

"தெரிஞ்சுகினு ஏன் சும்மா இருந்த? அடிப்பேன்னு நெனச்சியா?"

"ஆமா மாமா."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அடிச்சிருப்பேன்தான்" என்றார். கொஞ்ச தூரம் போனதும், என்னைப் பார்க்காமலே சொன்னார்.

"ஒரு அடி வாங்கிக்கினு சொல்லியிருக்கலாமே மச்சான்."