குயினி மரத்துக்குச் சுண்ணாம்புப் பட்டை

பண்டார் ஹிலிர் சந்தையில் இன்று குயினி மாம்பழ வாசனை மூக்கைப் பிடித்து இழுத்ததும், காஜா பேராங்கில் எங்கள் வீட்டுக்குப் பின்னாலிருந்த தோப்பும், அக்காவின் ஊஞ்சல் கிரீச்சிட்ட குயினி மரமும் நினைவுக்கு வந்தன. சுதந்திரம் கிடைத்த வருஷம் அங்கே வீடு கட்ட வந்தவர்கள், வெட்டாமல் விடவேண்டிய ஏழு மரங்களுக்கு மட்டும் சுண்ணாம்புப் பட்டை அடித்தார்கள். குயினிக்கு அடிக்கவில்லை. அக்கா அழுதாள். அவர்கள் விட்டுப்போன வாளிச் சுண்ணாம்பைக் கையாலேயே அள்ளி, குயினிக்கும், குறும்பு அடங்காமல் தோப்பு முழுக்கவும் பூசிவிட்டேன்.

மறுநாள் மரம் வெட்டும் ஆட்களை வேலை வாங்கும் மண்டோர் திகைத்து நின்றார்.

“எல்லா மரமும் வேட்டி கட்டி நிக்குதே! எதைடா விடுறது?”

“எல்லாத்தையும் விட்ருங்க மண்டோரே, கல்யாணத்துக்குப் போகுதுங்க!” என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. “எல்லாத்தையும் சாய்ச்சிருங்கடா” என்றார். குயினியோடு, விடவேண்டிய அந்த ஏழும் சேர்ந்தே விழுந்தன.

அன்று சாயங்காலம், சுண்ணாம்பு பட்டுக் கொப்புளித்த என் கைகளுக்கு அக்கா எண்ணெய் தடவிவிட்டாள். எப்படி ஆனது என்று கேட்கவே இல்லை.