கஸ்பரைத் தெரிஞ்ச ஆள்

புறாச் சுடுற துவக்குக்கு லைசென்ஸ் கேட்டு எழுதிப்போட்ட கதையைக் கஸ்பர் அண்ணை தான் இருந்த வீட்டிலை ஒருத்தருக்கும் சொல்லேல்லை. அங்கைதான் அந்த மனுசன் பிழை விட்டது. சொல்லியிருந்தால் இவ்வளவு கூத்தும் நடந்திருக்காது.

ஆள் மன்னார். எண்பத்தேழிலை லண்டனுக்கு வந்தவர். இந்தக் கதை நடந்தது தொண்ணூற்றுநாலிலை, அப்ப வயது ஐம்பத்துநாலு. அப்டன் பார்க்கிலை ஒரு வீட்டின்ரை மேல் அறையிலை வாடகைக்கு இருந்துகொண்டு, பெற்றோல் செட்டிலை பகல் ஷிப்ட் செய்தார். கீழ் அறையிலை யோகராஜா எண்ட பெடியன், முப்பது வயதிருக்கும். மூண்டு வருசமாய் இரண்டு பேருக்கும் சமைக்க ஒரே குசினி, ஒரே குளியலறை. கண்டால், “என்ன அண்ணை, வேலையோ?” “ஓம், வேலை.” அதோடை கதை முடிஞ்சுது. வேலையில்லாத சனிக்கிழமையிலை கஸ்பர் ஏதாவது ஒரு பஸ்ஸிலை ஏறிக் கடைசித் தரிப்பு மட்டும் போய், அதே பஸ்ஸிலை திரும்பி வருவார். எங்கை போனனீங்கள் எண்டு கேக்க ஆளில்லை.

அப்பிடி இருக்கேக்கைதான் றொனி வந்து வாய்ச்சான். எசெக்ஸ் பக்கம் பட்டாணித் தோட்டம் வைச்சிருந்த வெள்ளைக்காரக் கிழவன். ஒருநாள் பெற்றோல் அடிச்சுப்போட்டு, காட்டுப்புறா எல்லாப் பட்டாணியையும் தின்னுது எண்டு புறுபுறுத்தான். நானும் ஒரு காலத்திலை வேட்டைக்குத் துவக்குப் பிடிச்சவன்தான் எண்டு கஸ்பர் வாயைக் குடுத்தார்.

“அப்ப வாவன். முதல் கொஞ்ச நாள் என்ரையைப் பிடி, பிறகு லைசென்ஸ் எடுத்து உனக்கெண்டு ஒண்டை வாங்கு. சனிக்கிழமையிலை எனக்கும் பேச்சுத்துணை” எண்டான் கிழவன்.

ஏழு வருசத்திலை கஸ்பரை ஒருத்தன் ஓரிடத்துக்கு வா எண்டு கூப்பிட்டது அதுதான் முதல்தரம். துவக்கு ஆருக்கு வேணும்? அந்த மனுசனுக்கு வேண்டியிருந்தது சனிக்கிழமை!

றொம்போர்ட்டிலை ஒரு துவக்குக் கடை. கடைக்காரன் மூண்டை எடுத்து மேசையிலை கிடத்தினான். ஒற்றைக்குழல் ஒண்டு, குழல் மேலும் கீழுமாய் இருக்கிறது ஒண்டு, குழல் இரண்டும் பக்கத்திலை பக்கத்திலை இருக்கிற பழைய ஸ்பெயின் துவக்கு ஒண்டு. ஒற்றைக்குழல் பாரமில்லை, மலிவு, புறாவுக்கு அது காணும் எண்டான். கஸ்பர் தூக்கிப் பார்த்துத் திருப்பி வைச்சார். “ஒற்றை வேண்டாம். ஒற்றையாய் இருந்தது காணும்” எண்டு தமிழிலை தனக்குத்தானே சொன்னார். பழையது தோளிலை வந்து அளவாய்க் குந்திச்சுது. லைசென்ஸ் வரும்வரைக்கும் எடுத்து வைக்கிறன் எண்டு கடைக்காரன் ஒரு மட்டையிலை கஸ்பர் எண்டு எழுதி, நூலாலை விசையடியிலை கட்டிவிட்டான். தன்ரை பேரைத் தொங்கவிட்டுப் பார்க்க மனுசனுக்குச் சந்தோசம் தாங்கேல்லை.

பொலிஸ் போர்மிலைதான் சிக்கல். இரண்டு வருசமாவது உங்களை நல்லாய்த் தெரிஞ்ச, மதிப்பான ஒராள் கையெழுத்து வைக்கவேணும். கஸ்பர் இரண்டு கிழமை யோசிச்சார். கோயில் பாதருக்கு முகம் தெரியும், பேர் தெரியாது. கடைசியிலை தனக்கு மருந்து எழுதித் தாற டொக்டர் தவநாயகியிட்டைப் போனார்.

“கஸ்பர், எனக்கு உங்கடை பிரசரைத்தான் தெரியும்” எண்டு அவ பகிடி விட்டுப்போட்டு, கையெழுத்தை வைச்சா.

பிறகு கடிதம் வந்தது. புதன்கிழமை பதினொரு மணிக்கு ஒரு அதிகாரி வந்து, அறையையும் துவக்கு வைக்கிற இரும்பு அலுமாரியையும் பார்ப்பாராம். கஸ்பர் லீவு போட்டு, முகம் வழிச்சு, கட்டிலுக்குப் புது விரிப்பு விரிச்சார். வாறது பொலிஸ்தான், எண்டாலும் தன்னைப் பார்க்கவெண்டு வாற ஆளெல்லோ! வெறுந்தேத்தண்ணியைக் குடுத்து அனுப்பேலுமோ? பத்தேகாலுக்கு கிறீன் ஸ்ட்ரீட்டுக்கு மட்டன் றோல்ஸ் வாங்கப் போனார். “கொஞ்சம் நில்லுங்கோ அண்ணை, சுடச்சுடத் தாறன்” எண்டான் கடைக்காரன். நிண்டார்.

அதிகாரி கொஞ்சம் முந்தியே வந்திட்டார். கதவைத் திறந்தது யோகராஜா. அவன்ரை அகதிக் கேஸ் அப்பவும் ஹோம் ஒபிஸிலை கிடந்தது. கொழும்பு லொட்ஜுகளிலை ஒளிச்சிருந்து வந்த சனத்துக்கு ஒரு பாடம் நல்லாய்த் தெரியும். பொலிஸ் வந்து ஒருத்தன்ரை பேரைக் கேட்டால், அப்பிடி ஒருத்தன் இல்லை.

கஸ்பர் சூடான பையோடை வர, யோகராஜா வாசலிலையே கையைப் பிடிச்சு உள்ளுக்கு இழுத்தான்.

“பொலிஸ் வந்தது அண்ணை! பயப்பிடாதேங்கோ. கஸ்பர் எண்டு ஒருத்தரும் இஞ்சை இல்லையெண்டன். உங்கடை படத்தைக் காட்டினார். என்ரை வாழ்க்கையிலை இந்த முகத்தைப் பார்த்ததே இல்லையெண்டு அடிச்சுச் சொன்னன்.”

கஸ்பர் படியிலை இருந்திட்டார். விசயத்தைச் சொல்ல, யோகராஜா தலையிலை கையை வைச்சான். “ஐயோ அண்ணை, நான் காப்பாத்தெல்லோ பார்த்தனான்!”

“தெரியும் தம்பி. இந்தாரும், றோல்ஸ் ஆறப்போகுது.”

பெடியன் நல்லவன். அடுத்தநாள், பொலிஸ் எண்டால் பயந்து சாகிறவன், கோட்டை மாட்டிக்கொண்டு கஸ்பரோடை பொலிஸ் ஸ்டேசனுக்குப் போனான். அதிகாரி கோவிக்கேல்லை. படத்தை மேசையிலை வைச்சார்.

“இவரைத் தெரியுமோ?”

“நல்லாய்த் தெரியும் சேர். மூண்டு வருசமாய் ஒரே வீடு. பொய் சொன்னதுக்கு மன்னியுங்கோ.”

“எப்பிடிப்பட்ட ஆள்? குடும்பம்?”

யோகராஜா நிமிர்ந்து இருந்தான். நேற்று விட்ட பிழைக்கு இண்டைக்கு ஈடு செய்யவேணும் எண்ட வேகம். “தங்கமான மனுசன் சேர். குடியில்லை, சண்டையில்லை. மனிசி மன்னாரிலை இருக்கிறா. அவவைக் கூப்பிடத்தான் இப்பிடிப் பாடுபடுறார்.”

அதிகாரி போர்மைப் பார்த்தார். கஸ்பரைப் பார்த்தார். கஸ்பர் தன்ரை சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதிகாரி போர்மை மெல்ல மூடினார்.

“சரி. வாற புதன் திரும்ப வாறன். இந்தமுறை நீங்களே கதவைத் திறவுங்கோ. அலுமாரி சரியாயிருந்தால் லைசென்ஸ் வரும்.”

வெளியிலை வந்ததும் யோகராஜாவுக்குப் பெரிய பெருமை. “பார்த்தியளோ அண்ணை, வெண்டிட்டம்!”

“ஓம் தம்பி. பெரிய உதவி.”

பஸ் தரிப்பு மட்டும் இரண்டு பேரும் நடந்தினம். அங்கை நிண்டுதான் கஸ்பர் சொன்னார். “என்ரை மனிசி பியற்றிஸ் செத்து ஆறு வருசம். போர்மிலை எழுதியிருந்தது. அதிகாரி அதைப் பார்த்தவர்.”

யோகராஜாவுக்கு முகம் செத்துப்போச்சு. மூண்டு வருசம் பக்கத்து அடுப்பிலை சமைச்ச மனுசன்.

“ஏன் அண்ணை எனக்குச் சொல்லேல்லை?”

பஸ் வந்து கதவு திறந்தது. கஸ்பர் கோவமில்லாமல்தான் சொன்னார்.

“நீர் கேக்கேல்லையே, தம்பி. முதல் கேட்டது பொலிஸ்தான்.”